பாட்டி விட்டுச்சென்ற நாற்பது தொட்டிகள்

கேள்வி: என் பாட்டி (அம்மாவின் அம்மா) ஐந்து மாதங்களுக்கு முன்பு 93ஆவது வயதில் காலமானார். சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, 1980களில் ஈசூன் மூவறை வீட்டுக்கு மாறியவர். வாசலை ஒட்டிய பொதுத் தாழ்வாரத்தில் நாற்பது தொட்டிகள் வைத்திருந்தார். மல்லிகை, கறிவேப்பிலை, துளசி, வெற்றிலை, ஓமவல்லி, பாண்டான், செம்பருத்தி என்று எல்லாம் இருக்கும். மாமா வீட்டை விற்கிறார். இரண்டு மாதத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். தாழ்வாரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி நகர மன்றத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. பத்துத் தொட்டிகளைப் பொங்கோலில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் ஒவ்வொன்றாக வாடுகின்றன. மல்லிகை இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. “அம்மா வளர்த்த செடி வாடினால் அவர் ஆத்மா வாடும்” என்கிறார் சித்தி. எனக்குத் தூக்கமே வருவதில்லை. அஸ்தியில் ஒரு பிடி எடுத்துவைத்திருக்கும் தம்பி, அதை மல்லிகைத் தொட்டியில் கலக்கலாம் என்கிறான். இதற்கிடையில் முதலாண்டுத் திதிக்கு ஒரு சிறு நினைவு மலர் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். 93 ஆண்டு வாழ்ந்தவரைப் பற்றி என்ன எழுதுவது? பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை, வேலைக்குப் போனதில்லை. செடி வளர்த்தார், அவ்வளவுதான். யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். மரவள்ளிக்கிழங்கை மட்டும் தொடமாட்டார். அவருடைய தங்கை, என் சின்னப் பாட்டி, 88 வயதில் உட்லண்ட்சில் இருக்கிறார். தொட்டிகளின் படங்களை இணைத்திருக்கிறேன். மூலையில் உள்ள நீல வாளியில் இருப்பது என்ன செடி என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.
— பொங்கோல் வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் படத்தில் மல்லிகைத் தொட்டியின் மண் கறுத்து, மேலே பாசி படர்ந்திருக்கிறது. அடித்தட்டிலும் தண்ணீர் நிற்கிறது. காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கினால் மேலே இலை வாடும். வாடுகிறதே என்று நீங்கள் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவீர்கள். துக்க வீட்டுச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தட்டில் நிற்பதை உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம் போதும். பாட்டியின் நினைவோடு டெங்கியும் வீட்டுக்கு வர வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். ஈசூன் தாழ்வாரத்துச் சுவரில் விழுந்திருக்கும் வெயிலைப் பார்த்தால் அது தாராளமாக அரை நாள் வெயில் அடிக்கும் இடம். உங்கள் வீட்டில் தொட்டிகள் நிற்பதோ சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடுக்கில். மல்லிகைக்கு நாளுக்கு நான்கு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிக்கும் தண்ணீரும் குறைந்துவிடும். ஆகவே பாட்டி ஊற்றிய அதே அளவை நீங்கள் ஊற்றினாலும் அது அதிகம்தான். அவருடைய கைராசி உங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய வெயில் உங்களுக்கு இல்லை.

சித்தி சொன்னதற்கு வருகிறேன். ஆத்மாவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. துளசியைப் பற்றிப் பேசுவேன். தொட்டியில் வளரும் துளசி இரண்டு மூன்று ஆண்டுகளில் முற்றி, தண்டு கட்டைபோல் இறுகி, இலை சிறுத்துப் போய்ச் சேர்ந்துவிடும். பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம், அவ்வளவுதான். அப்படியானால் ஈசூன் வீட்டில் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளில் பாட்டி எத்தனை துளசியைத் தூக்கிப்போட்டிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் தோட்டத்தில் செடிகள் சாகாமல் இல்லை. ஒன்று போவதற்குள் இன்னொன்று தயாராக இருந்தது. அந்தத் தயாரிப்புதான் அவர் செய்த வேலை. சித்தியிடம் சண்டை போட வேண்டாம். ஒரு துளசி நாற்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் கை வேலை வேண்டும்.

எனவே என் ஆலோசனை இதுதான்: நாற்பது தொட்டிகளையும் காப்பாற்ற முயலாதீர்கள். முடியாது, தேவையும் இல்லை. ஒரு தோட்டம் என்பது ஒருவருடைய காலைப் பொழுதுகளின் பழக்கம். அந்தப் பொழுதுகள் உங்களுக்குக் கிடையாது. வேலைக்குப் போகிறீர்கள், வெயில் படாத வீட்டில் இருக்கிறீர்கள். செடிகளிலிருந்து கிளையும் கன்றும் எடுத்துப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். பழைய தொட்டிகள் போகட்டும்.

இரண்டு மாதம் அதற்குத் தாராளமாகப் போதும். மல்லிகையில் மிக இளசாகவும் இல்லாமல், கட்டையாக முற்றியும் விடாமல், பென்சிலைவிடச் சற்று மெல்லியதாக உள்ள கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மொட்டையும் கீழ்ப்பாதி இலைகளையும் கிள்ளிவிட்டு, பாதி மணலும் பாதி தென்னை நார்த் தூளும் கலந்த சிறு தொட்டியில் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள், எல்லாரும் பிடுங்கிப் பார்க்கிறார்கள். நான்கு செடி வேண்டுமென்றால் பன்னிரண்டு கிளை போடுங்கள். பொங்கோலில் வாடும் செடியிலிருந்து எடுக்க வேண்டாம். ஈசூனில் நல்ல நிலையில் நிற்கும் மல்லிகையிலிருந்து எடுங்கள். இப்போது வேர் பிடித்தால், வெயிலுள்ள வீட்டுக்குப் போகும் கன்று திதிக்குள் பூக்கவும் கூடும். மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் தாய்ச்செடியை வெட்டத் தயங்க வேண்டாம். உங்கள் பாட்டியும் கத்தரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்; அடித்தண்டில் உள்ள பழைய வெட்டுத் தழும்புகள் படத்திலேயே தெரிகின்றன. எல்லாமே கணுவை ஒட்டி ஒரே சாய்வில் விழுந்த வெட்டுகள். பள்ளிக்கூடம் போகாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் அப்படி வெட்டப் பழகுவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

கறிவேப்பிலை வேறு சாதி. கிளையை நட்டால் பெரும்பாலும் பிடிக்காது. ஆனால் அந்தப் பெயின்ட் வாளியில் தாய்மரத்தைச் சுற்றிக் குட்டிக் கன்றுகள் முளைத்திருக்கின்றன அல்லவா? அவை வேரிலிருந்து கிளம்பியவை. மண்ணை விலக்கி, கன்றோடு கொஞ்சம் வேரும் சேர்ந்து வரும்படி கத்தியால் அறுத்து எடுங்கள். பழம் பழுத்திருந்தால் சதையைக் கழுவிவிட்டு விதையை அன்றே ஊன்றுங்கள். காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும். தாய்மரத்தை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு ஏதாவது ஒரு சமூகத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடலாம். தரையில் இறங்கினால் அது இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

வெற்றிலையும் ஓமவல்லியும்தான் உங்கள் பொங்கோல் வீட்டுக்கு ஏற்றவை. வெற்றிலைக்கு நிழல் பிடிக்கும். மூன்று கணு உள்ள கொடியை வெட்டி ஈர மண்ணில் கிடத்தினால் போதும். ஓமவல்லியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கிள்ளிப் போட்டால் வரும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கிறது. அதை மற்றச் செடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்துச் சுத்தமான கிளையை மட்டும் எடுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

பாண்டானைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ரம்பை என்பார்களே, அதே செடி. இது காட்டில் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. மனிதர் வளர்த்த இடங்களில் மட்டுமே இருக்கிறது. பூப்பதே அபூர்வம், விதை கட்டுவதில்லை. பக்கவாட்டில் விடும் கன்றைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அப்படியென்றால் தென்கிழக்காசியாவில் நாசி லெமாக் சோற்றிலும் கேக்கிலும் மணக்கும் பாண்டான் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்துக் கொடுத்து வந்தது. உங்கள் பாட்டிக்கு அதை யார் கொடுத்தார்? ஈசூன் தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டு மலாய் அத்தையாக இருக்கலாம், கடற்படைத் தளத்துக் காலத்துத் தோழியாகவும் இருக்கலாம். பதில் சொல்லக்கூடியவர்கள் அந்தப் புளோக்கில் இன்னமும் குடியிருக்கிறார்கள். வீடு கைமாறுவதற்குள் மேல்மாடி, கீழ்மாடி எல்லாவற்றிலும் கதவைத் தட்டுங்கள். பாட்டி கொடுத்த கறிவேப்பிலைக் கன்றோ மல்லிகைக் கிளையோ நான்கைந்து வீடுகளிலாவது இருக்கும் என்பது என் ஊகம். இத்தனை தொட்டி வைத்திருந்த எந்தப் பாட்டியும் கன்று கொடுக்காமல் இருந்ததில்லை. உங்கள் கையில் ஒரு செடி செத்தால் திரும்பப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளவும் அந்த வீடுகள் உதவும்.

நகர மன்றத்தின் கடிதத்தை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேறவும் தூக்குப்படுக்கை உள்ளே வரவும் பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கும் தொட்டிகளை இன்றே இறக்கிவிடுங்கள். கீழே ஆள் நடமாடுகிறது. கடிதத்தில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, இறந்தவரின் வீடு, இந்தத் தேதிக்குள் காலி செய்துவிடுவோம் என்று பேசுங்கள்.

செடிகளை எங்கே கொடுப்பது? தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு புளோக்குகளுக்கு நடுவே சமூகத் தோட்டங்கள் பெருகிவிட்டன. ஈசூனிலேயே கேட்டுப் பாருங்கள். வார இறுதிக் காலையில் போனால் மண்வெட்டியோடு யாராவது நிற்பார்கள். கறிவேப்பிலை மரம் என்றால் மறுக்கமாட்டார்கள். ஆனால் கொடுத்த பிறகு அது அவர்களுடையது. வெட்டுவார்கள், இடம் மாற்றுவார்கள். வாரா வாரம் போய்க் கண்காணிக்காதீர்கள். உங்களுக்கே கையளவு மண் வேண்டும் என்றால் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள மேட்டுப் பாத்தி. மூன்று ஆண்டுக்குக் கொடுப்பார்கள். கேட்பவர்கள் அதிகம் என்பதால் உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

தம்பியின் யோசனைக்கு: வேண்டாம். பாசத்தில் சொல்கிறான், புரிகிறது. ஆனால் அஸ்தியில் பெரும்பகுதி எலும்பின் கால்சியம் பாஸ்பேட்தான். காரத்தன்மை மிக அதிகம், உப்பும் கூடுதல், செடிக்கு வேண்டிய தழைச்சத்து அறவே கிடையாது. சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் மல்லிகையின் வேரில் ஒரு பிடி அஸ்தியைக் கொட்டினால், ஏற்கெனவே நொந்திருக்கும் செடி போய்விடும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எழப்போகும் பேச்சையும் நினைத்துப் பாருங்கள். கடலில் கரைப்பதுதான் நம் குடும்பங்களின் வழக்கம். மண்ணில்தான் சேர வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றினால், சுவா சூ காங் இடுகாட்டு வளாகத்தில் 2021இல் திறக்கப்பட்ட ‘கார்டன் ஆஃப் பீஸ்’ தோட்டம் அஸ்தி தூவுவதற்கென்றே அமைக்கப்பட்டது.

இனி நினைவு மலர். இது என் துறை இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி இதில்தான் இருக்கிறது: “செடி வளர்த்தார், அவ்வளவுதான்.”

நீல வாளியில் உள்ளது மரவள்ளி. விரல் விரித்த கைபோன்ற இலை, சிவந்த காம்பு, தண்டில் இலை உதிர்ந்த தடங்கள் முடிச்சு முடிச்சாக, சந்தேகமே இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தொடாத பாட்டி அதைத் தம் தாழ்வாரத்தில் வளர்த்திருக்கிறார். அதுவும் தானாக முளைத்ததில்லை. அடியில் வெட்டிய தண்டின் முனை தெரிகிறது. முற்றிய தண்டைத் துண்டாக்கி நட்டுத்தான் மரவள்ளியை வளர்ப்பார்கள். வாளியில் கிழங்கு பெரிதாக இறங்காது. அழகுக்கு வைக்கும் செடியும் இல்லை. எதற்காக வைத்திருந்தார்?

உங்கள் பாட்டி 1932 வாக்கில் பிறந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது அவருக்கு ஏறக்குறைய பத்து வயது. செம்பவாங் கடற்படைத் தளம் அந்தப் போரின் முக்கிய இலக்குகளில் ஒன்று. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசி பங்கீட்டில் வந்தது; அளவு சுருங்கிக்கொண்டே போனது. பயிர் செய்யுங்கள் என்று ஜப்பானிய நிர்வாகமே மக்களை விரட்டியது. வீட்டு முற்றத்திலும் பள்ளித் திடலிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். காலையில் மரவள்ளி, மதியம் மரவள்ளி, அதன் மாவில் ரொட்டி, அதன் இலையில் கறி. தோலை உரித்து நன்றாக வேகவைக்காவிட்டால் அந்தக் கிழங்கில் நஞ்சும் உண்டு. பத்து வயதுப் பெண் பிள்ளை முதன்முதலாக எதை நட்டிருப்பாள், எதைப் பறித்துத் தோலுரித்திருப்பாள் என்று யோசியுங்கள். அதன் பிறகு ஆயுள் முழுவதும் வாயில் வைக்காமல், அதே சமயம் ஒரு தண்டையும் சாகவிடாமல் வைத்திருந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். ஊகத்தை அச்சில் ஏற்றிவிடாதீர்கள். ஆனால் உங்கள் மலரின் முதல் பக்கம் அந்த நீல வாளியில் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

“அன்பின் சிகரமே, பாசத்தின் இமயமே” என்று எழுதாதீர்கள். நாளிதழ்க் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் எல்லாப் பாட்டிகளும் சிகரங்கள்தான். யாருடைய பாட்டி என்று கண்டுபிடிக்க முடியாது. தொட்டிகளை வைத்து எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டாம், பேச விஷயமுள்ள ஏழெட்டுத் தொட்டி போதும். யார் கொடுத்தது, எந்த வீட்டில் இருந்தபோது வந்தது, யாருக்காக வளர்த்தார், என்னவெல்லாம் செய்தார். அந்த மல்லிகையை யார் தலைக்குத் தொடுத்தார்? வெற்றிலையை அவரே போட்டாரா, கோயிலுக்குக் கொண்டுபோனாரா? சளி பிடித்த எந்தக் குழந்தைக்கு ஓமவல்லியை வாட்டிப் பிழிந்தார்? உங்களுக்கேகூட அவர் பிழிந்திருப்பார். அரிசி களைந்த தண்ணீரை எந்தச் செடிக்கு ஊற்றினார், எதற்கு ஊற்றமாட்டார்? மைலோ டின்னில் வளர்ந்தவை எவை, கடையில் வாங்கிய தொட்டி யாருக்குக் கிடைத்தது? நாற்பது செடிகளிலும் செல்லப்பிள்ளை ஒன்று இருந்திருக்கும்.

பழைய படங்களை எடுத்து வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் படங்களில் எல்லாரும் முகங்களைத் தேடுவார்கள். நீங்கள் முகங்களுக்குப் பின்னால் பாருங்கள். கதவோரத்தில், சன்னல் திண்டில், மாமாவின் கால் அருகே ஒரு தொட்டி பாதி தெரியும். எந்தச் செடி எந்த ஆண்டில் இருந்தது என்பதை அப்படியே கோத்துவிடலாம். செடி அடையாளம் தெரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள்.

பிறகு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் வெளியேறப்போவதாக 1968இல் அறிவித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் கடற்படைப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையானது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் போய்விட்டன. தாத்தாவின் வேலை என்னாயிற்று? அந்த மாதங்களில் வீட்டில் உலை எரிந்ததில் பாட்டியின் கீரைப் பாத்திக்குப் பங்கு உண்டா? அதே 1971 நவம்பரில்தான் சிங்கப்பூரின் முதல் மரம் நடும் தினம் கொண்டாடப்பட்டது. பூந்தோட்ட நகரம் என்று நாடு பேசத் தொடங்கியது 1967இல். உங்கள் பாட்டிக்கு அப்போதே மண்ணோடு கால் நூற்றாண்டுப் பழக்கம். குடியிருப்புத் தரையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபோது எந்தெந்தச் செடியை விட்டுவிட்டு வந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். முருங்கை இருந்திருந்தால் அதை அங்கேயே விட்டிருப்பார். இன்று நீங்கள் எடுக்கத் திணறும் அதே முடிவை அவர் ஒருமுறை எடுத்திருக்கிறார்.

நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள இடங்களும் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்துவருகிறது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றியும் நிறைய இருக்கின்றன, தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. இவற்றில் உங்கள் பாட்டியின் பெயர் இருக்காது. ஆனால் அவர் வயதுப் பெண்கள் கியூவில் நின்றதையும் கிழங்கு தோண்டியதையும் அவரவர் குரலில் கேட்ட பிறகு, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

அப்படிக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு 88 வயது. ஜப்பானியர் வந்தபோது சின்னப் பாட்டிக்கு ஐந்து வயது இருக்கும். அக்காவின் பின்னாலேயே திரிந்திருப்பார். ஆகவே மேலே சொன்ன எல்லா வேலைகளையும் வரிசை மாற்றிக்கொள்ளுங்கள். மல்லிகையும் கறிவேப்பிலையும் ஒரு வாரம் காத்திருக்கும். இந்தச் சனிக்கிழமை உட்லண்ட்சுக்குப் போங்கள், தம்பியையும் கூட்டிக்கொள்ளுங்கள். காலை நேரமாகப் பாருங்கள், வயதானவர்களுக்கு அப்போதுதான் பேச்சு வரும். தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நேர்காணல்போல் கேள்விப் பட்டியலை நீட்டாதீர்கள், மரவள்ளியில் ஒரு கிளையை இலையோடு ஒடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, “அக்கா இதை ஏன் வளர்த்தார், சின்னப் பாட்டி?” என்று மட்டும் கேளுங்கள். அழுதால் அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள். தண்டையும் ஒரு முழம் வெட்டி எடுத்துப் போங்கள். நிமிர்த்தி வைக்கும்போது மேல் நுனி எது, அடி எது என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டுவிடக்கூடாது. அவர் வீட்டு வாசலில் வெயில் எப்படி என்றும் பார்த்து எழுதுங்கள்.